இல்லாத பாட்டின் மெட்டு

நான் எழுதிய பாட்டுகள் எல்லாவற்றையும் முழுசாகக் கேட்டவர்கள் ராயபுரத்தில் இரண்டே பேர். ஒருவர் என் மனைவி. அவள் அடுப்படியை விட்டு நகர முடியாத நேரம் பார்த்துத்தான் பாடுவேன். இன்னொருவர் நான். எனக்கே நடுவில் சலிப்புத் தட்டியதுண்டு.

அந்தக் குவியலில் ஒரே ஒரு பாட்டு மட்டும் என் கையை உதறிவிட்டுக் கடல் தாண்டிப் போயிற்று. அதைத் திரும்ப என் பேரில் பதிந்து வைக்க ஒரு கோடைக்காலம் முழுக்க அலைந்தேன். அந்த அலுப்பு இன்னும் முழங்காலில் இருக்கிறது.

பிழைப்புக்கு நான் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிறவன். கிடங்கு வாசலில் ஒரு முக்காலி. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைக்கு ஒரு கோடு. நாலு கோடு சேர்ந்தால் குறுக்கே ஒரு கோடு. கைக்கு மட்டும் சம்பளம் கொடுத்தார்கள். சம்பளமில்லாத மூளை சும்மா இருக்கப் பிடிக்காமல் சிரிப்புப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டுக்கு எழுதுவேன், நாடகத்துக்கு எழுதுவேன், யாரும் கேட்காவிட்டால் அந்த வருத்தத்தையே பாட்டாக எழுதுவேன்.

யுத்த காலத்தில் ரேஷன் வந்தது. அரிசி வாங்க வரிசையில் நிற்க வேண்டும். கிடங்கில் நாளெல்லாம் மூட்டையைப் பார்த்துவிட்டு, அந்தியில் ஒரு பையோடு நின்று மூட்டை எப்போது பிரிப்பார்கள் என்று காத்திருப்பேன். வீட்டுக்கு வந்து என் மனைவி முறத்தில் கொட்டினால் பாதி கல். ஒருநாள் வரிசையில் நின்றபடி முணுமுணுத்தேன்:

கல்லப் பொறுக்கி உலையில போட்டு
அரிசிய வாரி எறிஞ்சாளாம் – என்
பல்லு ரெண்டும் ஆடையில
பாவி மக சிரிச்சாளாம்

மெட்டும் கூடவே வந்தது. எங்கிருந்து வந்தது என்றால், அந்த வரிசையிலிருந்துதான். ஒவ்வொரு வரியும் பாதி போனதும் முன்னால் நிற்பவர் ஓரடி நகர்வார். நானும் பாட்டை நிறுத்திவிட்டு ஓரடி வைத்து, பிறகு மிச்சத்தைப் பாடுவேன். அப்படியே அது படிந்துவிட்டது. வரிக்கு நடுவில் ஒரு சின்ன நிறுத்தம், அப்புறம் ஒரு இழுப்பு. கடை வாசலை நான் எட்டும்போது பாட்டு முடிந்திருந்தது. அரிசியும் முடிந்திருந்தது.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நம்பி, இன்னும் சில பாட்டுகளையும் சேர்த்துக்கொண்டு யானைக்கவுனியில் ஒரு அச்சாபீசுக்குப் போனேன். அச்சாபீஸ் வைத்திருந்தவர் வண்ணாரப்பேட்டை பாய். காலணா பாட்டுப் புத்தகம் போடுகிறவர். ரயிலிலும் கடைத்தெருவிலும் பாடிக்கொண்டே விற்கிறவர்கள் காலையில் அவர் வாசலில் வந்து நிற்பார்கள்.

அந்தப் புத்தகங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பாட்டின் தலையிலும், ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று ஊருக்குத் தெரிந்த ஒரு பாட்டின் பேரைப் போட்டாக வேண்டும். வாங்குகிறவனுக்கு எழுத்தைப் பார்த்தால் பாட்டுத் தெரியும். எப்படிப் பாடுவது என்று எப்படித் தெரியும்? தலையில் இருக்கும் பேரைப் பார்த்து அந்த மெட்டில் பாடிக்கொள்வான். என் கல்லரிசிப் பாட்டின் தலை காலியாக இருந்தது.

"இதுக்கு இன்னா மெட்டு, நைனா?" என்றார் பாய்.

"சொந்த மெட்டு, பாய்."

"சொந்த மெட்டுன்னு போட்டா எவன் வாங்குவான்? உன் வூட்டுக்கு வந்து கேட்டுகினு போவானா?"

"வந்தா சந்தோசம்தான்."

"வெளயாடாத. எதுனா ஒரு பாட்டு பேரு சொல்லு. ஆளு எழுத்து கோத்துகினு கீறான்."

எதிரே சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. ஓடத்தில் ஒரு பெண், கையில் மஞ்சள் துடுப்பு. "போட்டுக்கோ பாய்," என்றேன். "‘தங்கத் துடுப்பு எடுத்தவளே’ என்ற மெட்டு."

அப்படி ஒரு பாட்டு உலகத்தில் கிடையாது. பாயும் நிமிர்ந்து பார்க்காமல், "ஆங், அது போதும்," என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இத்தனை வருஷத்தில் நான் செய்த நகைச்சுவையிலேயே உருப்படியானது அதுதான் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், சிரிப்புத்தான் வரவில்லை.

புத்தகம் போயிற்று. விற்கிறவர்கள் என் வாயால் பாடிக் காட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டு போனார்கள். யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், ரேஷனும் ஒருவழியாகப் போயிற்று. பாட்டு மட்டும் போகவில்லை. நாடகக்காரப் பெண் ஒருத்தி அதை இசைத்தட்டில் பாடிவிட்டாள் என்று கேள்விப்பட்டு ஒரு டீக்கடையில் போய்க் கேட்டேன். தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் அவள் பேர் இருந்தது. கீழே ‘பழைய பாட்டு’ என்று இருந்தது. எனக்கு அப்போது முடிகூட நரைக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

டிராம் ஓடுவதை நிறுத்திய பிறகு ஒருநாள், எங்கள் தெருக்காரர் ஒருவர் கப்பலிலிருந்து இறங்கி வந்தார். கப்பலில் சமையல்காரர், ஊருக்கு வந்தால் நேரே மாதா கோயிலுக்குப் போய்விட்டு அப்புறம்தான் வீட்டுக்குப் போவார். அன்றைக்குக் கோயிலிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணாத்தே, பினாங்குல உன் பாட்டு கேட்டேன்."

"எவன் பாடினான்?"

"பாடல. வாசிச்சாங்க. ஓட்டல்ல பேண்டு வாசிக்கிறவன் எல்லாம் சீனன். பிடிலு வெச்சுகினு அப்பிடியே உன் மெட்டு. நடுவுல நிறுத்தி நிறுத்தி இழுப்பியே, அதுகூட உடல. வெள்ளக்காரனுங்க ஜோடி ஜோடியா ஆடறானுங்க. ரங்கூன்லயும் கேட்டேன். கொழும்புல ரேடியோல வந்துகினு கீது."

"அரிசில கல்லு இருந்ததுக்கா ஆடறாங்க?"

"கல்லு எவனுக்குத் தெரியும்? அவனுக்கு மெட்டு சோக்கா கீது, ஆடறான்."

அதைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கடல் தாண்டிப் போனது என் வார்த்தை இல்லை, மெட்டு. ஆனால் அப்போது நான் பினாங்கில் ஆடிக்கொண்டிருந்தேன்.

அவர் கப்பலில் வரும் பேண்டுக்காரர் ஒருவர் சொன்னாராம்: பாட்டைப் பதிந்து வைத்தால், எந்த ஊரில் எவன் வாசித்தாலும் பாட்டைச் செய்தவனுக்கு ஒரு பங்கு வரும். லண்டனில் அதற்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. இங்கே பீச் ஸ்டேஷனுக்கு எதிரில் அவர்களுக்கு ஒரு ஏஜெண்டு.

என் மனைவி முறத்தைக் கீழே வைத்தாள். "எங்க வாசிச்சாலுமா?"

"எங்க வாசிச்சாலும், அக்கா."

"அப்போ இங்க நம்ம வூட்டாண்ட கல்யாணத்துல வாசிக்கிறானே, அதுக்கு?"

"அவன் எங்க குடுப்பான்? அவனே சோத்துக்கு வாசிக்கிறான்."

"அதானே பாத்தேன்," என்று முறத்தை எடுத்துக்கொண்டாள்.

பணம் வேண்டாம் என்று சொல்லுகிற யோக்கியன் இல்லை நான். ஆனால் பணத்தைவிட அந்த வட்டக் காகிதம்தான் என்னை உறுத்தியது. நூறு பாட்டு எழுதி, யாரும் தொடாமல் போனது சரி. ஒரே ஒரு குழந்தை பிழைத்து ஊர் சுற்றுகிறது. அதைக் கேட்டால் ‘அப்பன் பேர் தெரியாது’ என்கிறது. அதை மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

ஏஜெண்டு ஆபீசில் மின்விசிறிக்கு அடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கோட்டுப் போட்டவர், மரியாதையானவர். நான் சொன்னதை ஒருமுறைகூடச் சிரிக்காமல் கேட்டார். அதிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை போயிற்று.

"மூணு விஷயம் வேணும்," என்றார். "பாட்டு அச்சான புத்தகம். மெட்டை மேல்நாட்டு ஸ்வரக் குறியில் எழுதினது. லண்டனில் அதைத்தான் பார்ப்பாங்க. அப்புறம், இது உங்க சொந்த மெட்டா, வேற பாட்டிலேர்ந்து எடுத்ததான்னு எழுதிக் கையெழுத்து."

"சொந்தம், சார். ரேஷன் கடையில செஞ்சது."

"அதை எழுத வேண்டாம். சொந்தம்னு எழுதினா போதும்."

ஸ்வரக் குறிக்கு எங்கள் மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பவரைப் பிடித்தேன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டுத்தான் காகிதத்தைத் தொடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, காலிக் கோயிலில் என்னைப் பாடச் சொன்னார். பாடினேன். மறுபடி பாடச் சொன்னார். பாடினேன்.

"அய்யா," என்றார், "ரெண்டு தபா ரெண்டு மாதிரி பாடறீங்க. எத்த எழுதறது?"

"நல்லா இருக்கறத எழுதுங்க."

"அப்போ உங்க சம்சாரத்தக் கூட்டிகினு வாங்க."

கூட்டிக்கொண்டு வந்தேன். அவள் முக்காடு போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, ஒரே தடவையில் பாடினாள். அவள் பாடிக் கேட்டது அதுதான் எனக்கும் முதல் தடவை. அவர் விறுவிறுவென்று எழுதினார். ஒரு இடத்தில் பென்சில் நின்றது.

"இங்க நிக்கிறீங்களே, அது எதுக்கு?"

"கியூ நகரும்," என்றேன்.

அவர் என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, கோட்டின் மேல் தொப்பி மாதிரி ஒரு சின்னக் குறியைப் போட்டார். அதுதான் நிறுத்தமாம். எங்கள் தெரு ரேஷன் வரிசை முழுவதும் அந்தத் தொப்பிக்குள் உட்கார்ந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றையும் எடுத்துக்கொண்டு பீச் ஸ்டேஷன் போனேன். கோட்டுக்காரர் ஸ்வரத் தாளைப் பார்த்துத் தலையசைத்தார். கையெழுத்தைப் பார்த்தார். புத்தகத்தைப் புரட்டினார். அட்டையில் என் பேர். அதற்கு முன்னால் ‘ஹாஸ்ய சிரோமணி’ என்று பாய் தன் இஷ்டத்துக்குப் போட்டிருந்தார். அதைத் தாண்டி உள்ளே போனவர் நின்றுவிட்டார்.

"‘தங்கத் துடுப்பு எடுத்தவளே’ என்ற மெட்டுன்னு போட்டிருக்கே?"

அதுவரைக்கும் எனக்கு அது நினைவே இல்லை.

"அது சும்மா, சார். அப்படி ஒரு பாட்டே கிடையாது."

"கிடையாதா?"

"கிடையாது. தமாஷுக்குப் போட்டது."

"அதனாலதான் அந்தத் தட்டுக் கம்பெனி ‘பழைய பாட்டு’ன்னு போட்டிருக்கான்," என்றார். குற்றம் சொல்லுகிற குரல் இல்லை. ஒரு கணக்குச் சரியாக வந்த குரல். "நீங்களே அச்சில் இது வேற பாட்டோட மெட்டுன்னு சொல்லிட்டீங்க. இப்போ லண்டனுக்கு நான் எதை அனுப்பறது?"

இருக்கிற பாட்டைக் காட்டச் சொன்னால் காட்டலாம். இல்லாத பாட்டை எப்படிக் காட்டுவது? நான் வாழ்க்கையில் மூட்டை எண்ணியவன். வராத மூட்டைக்குக் கோடு போட்டதில்லை.

அவர் நல்ல மனுஷர். வழியும் அவரே சொன்னார். புத்தகத்தை அச்சுப்போட்டவர், இந்த வரி பாட்டு எழுதினவர் இட்டுக்கட்டிச் சொன்னது, இந்தப் பேரில் பாட்டு எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் போதும். என் மனைவி எழுதித் தருவாள் என்றேன். "மனைவி வேண்டாம்," என்றார்.

மறுநாள் வேலை விட்டதும் யானைக்கவுனிக்கு நடந்தேன். டிராம் இல்லாத ஊரில் தூரமெல்லாம் ஒரு மடங்கு கூடியிருந்தது. பாய்க்குத் தாடி முழுக்க வெளுத்திருந்தது. அதே அச்சு யந்திரம், அதே இடம். காலண்டர் மட்டும் மாறியிருந்தது. இப்போது ஒரு மயில். என்னைக் கண்டதும் டீ சொல்லி அனுப்பினார். நான் விஷயத்தைச் சொல்லி, எழுதி வந்திருந்த காகிதத்தை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இத்துல கையெழுத்து போட முடியாது, நைனா."

"ஏன் பாய்?"

"அந்தப் பாட்டு கீதே."

"எந்தப் பாட்டு?"

"தங்கத் துடுப்பு. எங்கம்மா பாடுவாங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பாய், டபாய்க்காதீங்க. நீங்க ‘எதுனா பேரு சொல்லு’ன்னீங்க. நான் உங்க செவுத்துல இருந்த காலண்டரப் பாத்துச் சொன்னேன்."

"நீ காலண்டரப் பாத்து சொன்ன. ஆனா பாட்டு கீது. இல்லாகாட்டி நான் அன்னிக்கே கேட்டிருப்பேன் இல்ல, இது இன்னா பாட்டுன்னு? தெரிஞ்ச பாட்டு, அதான் கேக்கல."

"எங்க, பாடுங்க."

பாய் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ‘தங்கத் துடுப்பு எடுத்தவளே.’ அப்புறம் வார்த்தை இல்லாமல் ஊம் ஊம் என்று ஒரு வரி. அப்புறம் மறுபடி துடுப்பு. என் மெட்டு. ஒரு ஸ்வரம் பிசகவில்லை. நடுவில் நிறுத்தம், பிறகு இழுப்பு. என்னைவிட நன்றாகப் பாடினார். அது பெரிய விஷயமில்லை.

இந்த ஆள் பொய் சொல்லுகிறவர் இல்லை. ஒரு எழுத்து தலைகீழாக அச்சானால் மொத்தத் தாளையும் கிழித்துப்போட்டு மறுபடி அடிக்கிறவர். என் பாட்டைத் தெருவில் கேட்டுக் கேட்டு, தான் அச்சடித்த பேரோடு அதைச் சேர்த்து, எங்கேயோ அம்மாவின் குரலில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அவர் உள்ளே அது பத்திரமாக இருந்தது. ஆனால் என்னிடம் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது.

"பாய், ஒண்ணு சொல்லுங்க," என்றேன். "உங்கம்மா அந்த எடத்துல நடுவுல நிக்கிறாங்களே, ஏன் நிக்கிறாங்க? என் பாட்டுல நிக்கிறதுக்குக் காரணம் கீது. ரேஷன் கியூ நகரும், அதான் நின்னேன். உங்கம்மா காலத்துல ஏது ரேஷன்? அவங்க ஏன் நிக்கணும்?"

பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"துடுப்பு போடறா இல்ல, நைனா," என்றார். கையை நீட்டி ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். "போட்டு, நிறுத்தி, வலிக்கிறா. அதான்."

நான் ஆறிப்போன டீயைக் குடித்தேன். துடுப்பு பொருத்தமாக இருந்தது. கியூவைவிடப் பொருத்தமாக இருந்தது என்றே சொல்ல வேண்டும். உலகத்தில் ஒரு மனிதன் அந்த மெட்டை முதல்முதலாகக் கேட்டு, இது எதிலிருந்து பிறந்தது சொல் என்றால், துடுப்பு என்பானா, ரேஷன் கடை என்பானா?

"ஒனக்கு ஒதவி பண்ணக் கூடாதுன்னு இல்ல," என்றார் பாய். அவருக்கு நிஜமாகவே வருத்தம். "எங்கம்மா பாடினத இல்லன்னு எப்பிடி எழுதறது? நீயே சொல்லு. வேற எதுனா கேளு, செய்றேன். புதுசா எதுனா எழுதி எட்த்துகினு வா, காசில்லாம போட்டுத் தர்றேன்."

"எழுதினா அதுக்கு இன்னா மெட்டு போடுவீங்க?"

"அத்த நீதான் சொல்லணும்."

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். ராயபுரம் வரும்வரைக்கும் மெட்டு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அடி எடுத்து வைத்து, நின்று, இழுத்து. பாலத்தருகே வரும்போது கவனித்தேன்: நான் ரேஷன் வரிசையை நினைக்கவில்லை. மஞ்சள் துடுப்போடு அந்தக் காலண்டர்க்காரிதான் வந்துகொண்டிருந்தாள்.

அந்த வாரமே பீச் ஸ்டேஷனுக்குப் போய்ப் பதிந்துவிட்டேன். கோட்டுக்காரர் இரண்டு இடம் காட்டினார். பாட்டின் வார்த்தை: என் பேர். மெட்டு: பழைய மெட்டு, செய்தவர் தெரியவில்லை. இந்த இரண்டாவது வரியை நானே என் கையால் எழுத வேண்டுமாம். எழுதினேன். பேனா நன்றாகத்தான் எழுதியது.

"பாடினா உங்களுக்கு வரும்," என்றார் அவர். "சும்மா வாசிச்சா வராது."

"பினாங்குல பாட மாட்டாங்க, சார்."

"ஆமாம்," என்றார். அவரும் வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது.

இப்படியாக, கல்லும் அரிசியும் உலகமெங்கும் எனக்குச் சொந்தமாயின. எந்த நாட்டில், எந்த மொழிக்காரன், தமிழ்ப் பெண் ஒருத்தி உலையில் கல்லைப் போட்டதைப் பற்றித் தமிழிலேயே பாடினாலும் என் பங்கு என்னைத் தேடி வரும். இன்னும் வரவில்லை. தபால்காரர் என்னைப் பார்த்தால் இப்போதெல்லாம் தானாகவே கையை விரித்துவிட்டுப் போகிறார்.

அன்று வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி வாசலில் முறத்தோடு உட்கார்ந்து அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். ரேஷன் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இல்லாத கல்லைத் தேடுவாள்.

"பாதி கெட்ச்சுதில்ல," என்றாள். "வுடு. அந்த மனுசன் இன்னா பண்ணுவாரு, அவங்கம்மா பாட்டாமே."

"அவங்கம்மா பாட்டு இல்லடி. என் பாட்டு."

"சரி, ஒன் பாட்டுதான். யாரு இல்லன்னது? போய்க் கை கால் கழுவு, நாஸ்டா வெக்கிறேன்."

கொல்லையில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் முணுமுணுப்பது கேட்டது. தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, எந்த வார்த்தையைப் பாடுகிறாள் என்று காதைக் கொடுத்தேன். முறத்தைத் தட்டி, நிறுத்தி, தட்டி, ‘தங்கத் துடுப்பு எடுத்தவளே, தண்ணி மேல கோலம் போட்டவளே’ என்று பாடிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வரி நான் கேள்விப்படாதது. நன்றாகவும் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அவளும் அம்மா பேரைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது?